குடுமி போன தேங்காயும் கழற்றி வைத்த மூடியும்: வாடிக்கையாளரோடு கூடி வடிவமைக்க ஒரு முழு வழிகாட்டி

கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. எங்கள் கம்பெனியின் தேங்காய் உரிக்கும் மெஷின் நிழலில் நின்றிருந்தது. உருளைகளுக்கு மேல் இருக்கவேண்டிய இரும்பு மூடியைக் காணோம். சுற்றும் முற்றும் பார்த்தேன். உரிப்புக்கார அண்ணன் அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் விரல் போய்விடக் கூடாது என்று மூன்று மாதம் மெனக்கெட்டு நாங்கள் வரைந்த மூடி அது. கூட வந்த சேல்ஸ் தம்பி என் காதோரம், "எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாங்க சார்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பிப் போக பஸ் வர நேரம் இருந்ததால்தான் அங்கேயே நின்றேன்.

டீயை முடித்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். காயை உருளைக்குள் போடவில்லை. காம்புப் பக்கத்தைக் கையில் இறுக்கிப் பிடித்து, மறுமுனையை மட்டும் உருளைப் பல்லுக்குக் கொடுத்தார். மட்டை பிய்ந்து போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பல்லுக்கும் விரலுக்கும் நாலு அங்குலம்கூட இருக்காது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைக்கு வந்த காயின் தலையில் குடுமி அழகாக நின்றது.

"ஏனுங்கண்ணா, இப்படிப் புடிக்கிறீங்க?"

"குடுமி போச்சுன்னா கண்ணு தெறந்துக்குமுங்க. லாரில போறதுக்குள்ள கெட்டுப்போயிரும். யாவாரி கழிச்சுக் கட்டிருவாரு. உங்க மூடியப் போட்டா காய முழுசா உள்ள உடோணும். முழுசா உட்டா குடுமி எங்க நிக்கும்?"

விஷயம் அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் எல்லோரும் தேங்காய் உடைத்துச் சாமி கும்பிடுகிறவர்கள். குடுமி இல்லாத காயை எவரும் பூஜைக்கு வாங்க மாட்டார்கள். ஆனாலும் வரைபடத்தில் குடுமி என்று ஒன்று இருக்கவில்லை.

வாடிக்கையாளரை நடுவில் வைத்து, பலரும் கூடி வடிவமைக்கும் பழக்கத்தை ஒரு நிறுவனத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை அதற்குப் பிந்தைய எங்கள் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது பொள்ளாச்சிப் பக்கத்துப் பட்டறை, சுமார் நாற்பது பேர். மெஷின்களில் பாதிக்கு மேல் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவுக்குப் போகின்றன. நீங்கள் செய்வது மொபைல் ஆப்பாக இருக்கலாம், பால் சொசைட்டிக்கான பில் மெஷினாக இருக்கலாம். படிகள் பெரிதாக மாறாது.

எப்படித் தொடங்கக் கூடாது

நாங்கள் தப்பாகத்தான் தொடங்கினோம். கோவையில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி. கலர் கலராக ஒட்டுச் சீட்டுகள், பெரிய வெள்ளைத் தாள்கள், மதியம் பஃபே. "உங்கள் வாடிக்கையாளரைக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். நாங்களும் கற்பனை செய்தோம்: வயது 45, பத்து ஏக்கர் தோப்பு, ஸ்மார்ட்போன் உண்டு, புதுமையை விரும்புவார். அவருக்கு ஒரு பெயர்கூட வைத்தோம். அந்த மனிதர் தேங்காய் உரித்ததே இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பயிற்சி மோசம் என்று சொல்லவில்லை. நேரில் பார்க்காதவர்கள் கூடி உட்கார்ந்தால் அவரவர் ஊகத்துக்கு ஆள் சேரும், அவ்வளவுதான். ஆகவே கூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த வரிசை மாறினால் பின்னால் வரும் எல்லாமே பிசகும்.

படி 1: கை வைக்கிற எல்லோரையும் எண்ணுங்கள்

வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் எல்லாக் கம்பெனியிலும் பணம் கொடுப்பவரைத்தான் காட்டுவார்கள். எங்களுக்கு அது தோப்புக்காரர். ஒரு முழுத் தாளை எடுத்து, மெஷின் எங்கள் கேட்டைத் தாண்டியதிலிருந்து பழைய இரும்புக்குப் போகும்வரை அதில் யார் யார் கை படுகிறது என்று எழுதிப் பார்த்தோம். வாங்குபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர், காயை வாங்கும் வியாபாரி மூன்றாமவர். ரிப்பேர் பார்க்கும் ஊர் மெக்கானிக், மட்டையை அள்ளிக்கொண்டு போகும் நார் மில்காரர், மோட்டாருக்கு லைன் கொடுக்கும் வயர்மேன் என்று பட்டியல் நீண்டது.

அதில் நாங்கள் அடியோடு மறந்திருந்தவர்கள் சரக்கை ஏற்றி இறக்கும் கேரளப் பக்கத்துச் சுமட்டுத் தொழிலாளர்கள். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கே வாங்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்துவிட்டது. ஆனால் கனமான சரக்கை இறக்கும் வேலை இன்னமும் அவர்களுடையதுதான். எங்கள் மெஷினில் பிடித்துத் தூக்க ஒரு வாகு கிடையாது. நான்கு பேர் நான்கு மூலையில் கையை விட்டுத் தடுமாற, ஒருவர் பெல்ட் மூடியைப் பிடித்துத் தூக்குவார். அது வளைந்துவிடும். "புது மெஷின், வந்த அன்னிக்கே பெல்ட் உரசுது" என்று எங்கள் சர்வீஸ் நோட்டில் வந்த புகார்களுக்கு மூலம் அதுதான். அடிச்சட்டத்தில் இரண்டு குழாய்த் துண்டை வெல்டு வைத்துக் கம்பு நுழைத்துத் தூக்க வழி செய்தோம். புகார் நின்றது. செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

வாங்குபவரும் ஓட்டுபவரும் ஒருவரேதானா என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தென்னை ஏறும் கருவிகளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் செய்த கருவியில் நின்றபடியே படியேறுவதுபோல மரம் ஏறலாம். பரம்பரையாக மரம் ஏறுகிற ஒருவருக்கு வெறுங்காலே வேகம், கருவி அவருக்குச் சுமை. 2011ல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னையின் நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கியது. அதுவரை மரமே ஏறாத இளைஞர்களும் பெண்களும் அங்கே வந்து அந்த மாதிரிக் கருவியில் ஏறக் கற்றார்கள். கருவி அதே கருவிதான். யார் கைக்குப் போகிறது என்பதை வைத்து அதன் மதிப்பு தலைகீழாகிவிட்டது.

படி 2: போய் உட்காருங்கள்

வேலை நடக்கும் இடத்துக்கே போய், வேலை செய்பவரைக் குருவாகவும் நம்மைச் சீடராகவும் வைத்துப் பார்க்கும் முறையை 1980களின் கடைசியில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் கேரன் ஹோல்ட்ஸ்பிளாட் உருவாக்கினார். பிறகு ஹ்யூ பேயரும் அவரும் சேர்ந்து அதை முழு வடிவமைப்பு முறையாக வளர்த்தார்கள். கம்ப்யூட்டர்களுக்காகப் பிறந்த முறை என்றாலும் நம் ஊருக்கு இது புதிதில்லை. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் ஸ்பானரை எடுத்துக்கொடுத்தபடியே தொழில் பழகுகிறானே, அதே உறவுதான். ஒரே வித்தியாசம், இங்கே இன்ஜினியர்தான் எடுபிடி.

நடைமுறைக்கு வருவோம். இரண்டு பேர் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. மூன்றாவது ஆள் போனால் கூட்டமாகிவிடும். அந்த இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் வெல்டிங்கிலோ ஃபிட்டிங்கிலோ கை வைக்கிறவராக இருக்கவேண்டும். டிசைன் பிரிவு மட்டும் போய் வந்து ரிப்போர்ட் கொடுத்தால் மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் முப்பது வருஷமாக மெஷின் செய்கிறவர். தான் செய்த மெஷின் ஓடுவதை முழு நாள் உட்கார்ந்து பார்த்தது இந்த வேலையின்போதுதான் முதல்முறை. அன்று மாலை வண்டியில் திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு மூடியின் பழைய வரைபடத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்து என் மேஜை மேல் போட்டார்.

கம்பெனி பெயர் போட்ட சட்டை வேண்டாம். அதைப் பார்த்தால் புகாரோ புகழோதான் வரும், வேலை வராது. தோப்புக்காரர் பக்கத்தில் நிற்கும்போது உரிப்புக்காரரிடம் எதையும் கேட்காதீர்கள். "நல்லா ஓடுதுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்காது. தோப்புக்காரரோடு வீட்டுத் திண்ணையில் பேச ஒரு நாள், தோப்பில் உட்கார இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கூலி விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். உரிப்புக்காரருக்குக் காய்க்கணக்கில் கூலி. நாம் கேள்வி கேட்டு நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. "ரெண்டு மணி நேரம் உங்க கூட இருக்கோமுங்க, அந்நேரத்துக்கு ஆகற கூலிய நாங்க குடுத்தர்றோம்" என்று சொல்லிவிட்டு உட்காருவோம். போட்டோ எடுப்பதற்கும் கேட்டுவிட்டே எடுப்போம். இவ்வளவையும் கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ள வைத்த கதை பின்னால் வருகிறது.

என்ன கேட்பது? "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் "ரேட்டக் கொறைங்க" என்ற பதில்தான் வரும். அது உண்மைதான், ஆனால் மெஷினை வரைய உதவாது. "செய்யுங்க, நான் பாத்துட்டு இருக்கேன்" என்பதே முதல் வாசகம். கை எங்காவது தயங்கினால், திரும்பச் செய்தால், சுற்றி வளைத்துச் செய்தால் அந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன பண்ணுனீங்க?" என்று கேட்க வேண்டும். "எப்பவும் எப்படிச் செய்வீங்க" என்பதைவிட "நேத்து எப்படிச் செஞ்சீங்க" என்பதற்கு நல்ல பதில் வரும். எப்பவும் என்று கேட்டால் முறையைச் சொல்வார்கள், நேற்று என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள்.

கயிறு, சணல், பழைய டியூப், மடித்துச் செருகிய அட்டை, சாக்பீஸ் கோடு, கழற்றி வைத்த மூடி: பயன்படுத்துபவர் தன் கையால் சேர்த்ததோ கழற்றியதோ ஏதாவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும். நான் பத்து வருஷமாக அதற்கு வைத்திருந்த பெயர் 'ஒழுங்கீனம்'.

எல்லைப் பகுதியில் இன்னொரு சங்கதி உண்டு. சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது, பாலக்காட்டின் மற்ற பகுதிகள் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தன. 1956ல் எல்லாம் கேரளமாயின. தமிழ் அங்கே வீட்டுமொழியாக இன்றும் நிற்கிறது, ஆனால் தொழில் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும். நாம் உரிப்பது என்பதை அவர்கள் பொதிப்பது என்பார்கள். நமக்கு மட்டை, அங்கே தொண்டு. கடப்பாரை அங்கே வெறும் பார. எங்கள் கையேட்டில் "மட்டை வெளியேறும் வழி" என்று போட்டிருந்தோம். ஒரு வீட்டில் அதை ஓலை மட்டை என்று நினைத்து, உலர்ந்த ஓலையை அந்த வழியில் நுழைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன், ஃபோர்மேன் சிரிக்கவில்லை. இரண்டு பக்கச் சொல்லையும் ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

எத்தனை இடம் போக வேண்டும்? எங்களுக்கு ஏழெட்டுத் தோப்பு பார்த்ததும் சொன்னதே திரும்ப வர ஆரம்பித்தது. ஆனால் அந்த ஏழெட்டும் ஒரே மாதிரித் தோப்பாக இருந்தால் பயனில்லை. எங்கள் ஊரில் அப்போது விவசாய லைனில் மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வந்தது, மெஷின் அந்த நேரத்துக்குக் காத்திருந்தது. கொல்லங்கோட்டில் ஒரு வீட்டைச் சுற்றிய தோட்டத்தில் பார்த்தால் ஒருமுனை இணைப்புத்தான். எங்கள் மோட்டார் அங்கே ஓடவே ஓடாது. டீலர் வாடகை ஜெனரேட்டரோடு சேர்த்து விற்றிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. விற்பனைக் கணக்கில் அது வெற்றியாகத்தான் பதிவாகியிருந்தது.

படி 3: பார்த்ததை ஆறுவதற்குள் பிரித்துப் போடுங்கள்

போய் வந்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, உட்கார்ந்து பேசிவிட வேண்டும். மூன்று நாள் ஆனால் மனசு கதையைத் திருத்தி எழுதிவிடும். போகாதவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து, போனவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பர்சேஸ் அக்கா எங்களில் கெட்டிக்காரர். "அவரு சொன்னாரா, இல்ல நீங்களா நெனச்சுக்கிட்டீங்களா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் எங்கள் குறிப்புகளில் கால்வாசி கழிந்து போகும்.

ஒரு சீட்டில் ஒரே சங்கதி. கண்டதும் கேட்டதும் மட்டும். "மூடியை மாற்ற வேண்டும்" என்பது சீட்டாகாது, அது தீர்ப்பு. "காம்பைக் கையில் பிடித்து உருளையில் கொடுக்கிறார், குடுமி நிற்க" என்பது சீட்டு. "மட்டையை அள்ளக் குனியும்போது பெல்ட் பக்கம் துண்டு தொங்குகிறது" என்பது சீட்டு. எங்கள் வெல்டர்களில் இரண்டு பேருக்கு எழுதக் கூச்சம். அவர்கள் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதுவார். சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், ஆபீஸ் தமிழுக்கு மாற்றக் கூடாது.

படி 4: சுவரில் ஒட்டுங்கள்

நேபாள மலைக் கிராமங்களில் களப்பணி செய்த ஜப்பானிய அறிஞர் ஜிரோ கவாகிதா, குவிந்து கிடந்த குறிப்புகளைச் சீட்டு சீட்டாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டுகிறவற்றைச் சேர்த்து வைத்துப் பொருள் காணும் முறையை 1960களில் வெளியிட்டார். முன்கூட்டியே தலைப்பு போட்டுவிட்டு அதன் கீழ் சீட்டுகளை அடுக்குவது இந்த முறையாகாது. சீட்டுகள் சேர்ந்த பிறகுதான் தலைப்பு பிறக்க வேண்டும்.

நாங்கள் முதலில் எழுதி வைத்த தலைப்புகள் பாதுகாப்பு, விலை, பராமரிப்பு என்று இருந்தன. எல்லாக் கம்பெனிச் சுவரிலும் அவைதான் இருக்கும், ஒன்றும் சொல்லாது. கிழித்துப் போட்டுவிட்டு அடுக்கிப் பார்த்தபோது, கழற்றிய மூடியும், வியாபாரி கழித்த காயும், கொப்பரைக் களத்தில் மட்டும் மூடி மாட்டியே இருந்ததும் பக்கம் பக்கமாக வந்து நின்றன. கொப்பரைக்குப் போகிற காயை எப்படியும் உடைப்பார்கள், அங்கே குடுமிக்கு வேலையில்லை. அந்தக் கூட்டத்துக்கு உரிப்புக்காரர் பேச்சிலேயே தலைப்பு எழுதினோம்: "குடுமி போனாக் காசு போச்சு." பாதுகாப்புப் பிரச்சினை என்று நாங்கள் நினைத்தது உண்மையில் விலைப் பிரச்சினை.

எந்தச் சுவர் என்பது முக்கியம். முதலாளி அறைச் சுவரில் ஒட்டினால் முதலாளி மட்டும் பார்ப்பார். எங்கள் சீட்டுகள் டீ குடிக்கும் இடத்தில், தண்ணீர்ப் பானைக்கு மேலே இருக்கின்றன. லாரி டிரைவர்கூட ஒரு நாள் நின்று படித்துவிட்டு, "இதுல வேலந்தாவளம் ரோட்டுச் சங்கதி ஒண்ணு உட்டுப்போச்சே" என்று சொல்லி ஒரு சீட்டு எழுத வைத்தார்.

படி 5: அட்டையில் செய்யுங்கள்

இதுவரைக்கும் பார்ப்பது, பிரிப்பது. கூடிச் செய்வது என்பது இங்கேதான் வருகிறது.

1981 முதல் 1985 வரை ஸ்வீடன், டென்மார்க் ஆராய்ச்சியாளர்களும் நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து உட்டோப்பியா என்றொரு திட்டத்தை நடத்தினார்கள். பத்திரிகை ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிற காலம். அச்சுக் கோப்பவர்களுக்கு அதைக் காட்டிப் பேச மெஷின் கையில் இல்லை. ஒரு காலி அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்து, 'லேசர் பிரிண்டர்' என்று எழுதிவிட்டு, இது இங்கே இருந்தால் உங்கள் வேலை எப்படி நடக்கும், நடித்துக் காட்டுங்கள் என்றார்கள். அட்டைப்பெட்டிக்கு முன்னால் யாருக்கும் பயம் வராது. உடைக்கலாம், கிழிக்கலாம், நகர்த்தலாம்.

நாங்கள் ஃபிரிட்ஜ் வந்த அட்டையை வாங்கி மெஷினை அசல் அளவில் செய்தோம். உருளைக்குப் பிவிசி குழாய். கொழிஞ்சாம்பாறை அண்ணனையும், ஒரு தோப்புக்காரரையும், ஒரு வியாபாரியையும் ஒரு நாள் பட்டறைக்கு அழைத்தோம். அண்ணனுக்கு நாள் கூலியும் பஸ் செலவும். முதல் அரை மணி நேரம் வீணாகப் போயிற்று. தோப்புக்காரரும் வியாபாரியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கேட்டதற்கெல்லாம் தோப்புக்காரரே பதில் சொன்னார். பர்சேஸ் அக்காதான் கவனித்தார். டீ கொண்டுவரச் சொல்லி எல்லோரையும் எழுப்பி, நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடச் சொல்லிவிட்டார். எல்லோரும் நின்ற பிறகு, அட்டைக்குப் பக்கத்தில் இருந்தவர் அண்ணன்தான். பேச்சு தானாக அவரிடம் போயிற்று.

"காம்ப நான் புடிக்கறதுக்குப் பதிலா வேற ஏதாச்சும் புடிச்சாச் சரிங்க" என்றவர் சுற்றிப் பார்த்தார். டீ அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கியை எடுத்து வந்தார். அதில் காயின் காம்பைக் கவ்வி, பிவிசி உருளையில் கொடுத்துக் காட்டினார். ஃபோர்மேன் கத்தரிக்கோலால் அட்டை மூடியில் ஒரு பிளவு வெட்டினார். இடுக்கி அந்தப் பிளவில் போய் வந்தது. இன்றைக்கு மெஷினில் இருக்கும் கைப்பிடியோடு கூடிய கவ்வுக் கிண்ணத்தின் முதல் வடிவம் அந்த டீக்கடை இடுக்கிதான். மூடி மாட்டியே இருக்கும், குடுமி நிற்கும், விரல் வெளியே.

இதை யார் கண்டுபிடித்தது என்று பிறகு ஆபீஸில் ஒரு சின்னப் போட்டி நடந்தது. 1958ல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் சொம்பைப் பற்றி ஒரு பகுதி வரும். இடுப்பில் வைக்கையில், தலையில் சுமக்கையில், நிரம்பியிருக்கையில், கவிழ்த்து ஊற்றுகையில் எப்படி நிற்கிறது என்று அடுக்கடுக்காகக் கேட்டுவிட்டு, இதை எந்த ஒரு மனிதரும் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் செய்தன என்பார்கள். அந்த அறிக்கையின் பின்னால்தான் 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது. எங்கள் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இப்போது நாலு பெயர் இருக்கிறது, முதல் பெயர் அண்ணனுடையது. தோன்றியதற்குத் தனியாக ஒரு தொகையும் கொடுத்தோம். அதை மறக்காதீர்கள், யோசனையை வாங்கிக்கொண்டு டீயோடு அனுப்பிவிடுகிற வழக்கம் நம்மிடம் நிறைய.

படி 6: தோப்பில் சோதியுங்கள்

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதியது எல்லோர் வாயிலும் இருக்கிறது. அவர் பேசியது வலைத்தளங்களைப் பற்றி. பயன்படுத்துகிறவர்கள் பல வகை என்றால் வகைக்குச் சில பேர் வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நாங்கள் வகைக்கு மூன்று தோப்பு வைத்தோம். காய்க்கும் வகை உண்டு: வறட்சியில் சிறுத்த காய், நெட்டைக்காய், ஒட்டு ரகக் காய். முதல் கிண்ணம் சிறு காயை நழுவ விட்டது. பட்டறையில் சோதித்தபோது நாங்கள் வாங்கி வைத்தது சந்தையின் நல்ல காய்.

சோதிக்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள். வாய் துறுதுறுக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

படி 7: ஆபீஸுக்குள் வழக்கமாக்குங்கள்

ஒரு மெஷினில் இதைச் செய்துவிடலாம். கம்பெனியின் பழக்கமாக்குவதுதான் பாடு. கிண்ணம் வந்த உற்சாகத்தில் நான்கு மாதம் ஓடியது. சீசன் ஆர்டர் குவிந்ததும் தோப்புக்குப் போவது நின்றது. சுவர்ச் சீட்டுகள் ஈரத்தில் உதிர ஆரம்பித்தன.

மறுபடி எழுந்தது நாள் குறித்த பிறகுதான். புதன்கிழமை தோப்பு நாள். செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை, வண்டி நகராது என்பதைத் தவிர புதனுக்கு வேறு விசேஷம் இல்லை. யார் முறை என்பது வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வரைபடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் கடந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவையாவது தோப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து செல்லாது. இந்த விதி முதலாளிக்கும் சேர்த்துத்தான். அவர் முதலில் முகம் சுளித்தார். "அண்ணா, நீங்க வராட்டி யாரும் வர மாட்டாங்க" என்று ஃபோர்மேன் சொன்னதும் வந்தார். கார் தோப்புக்குள் வரக் கூடாது என்று மட்டும் நிபந்தனை.

கணக்குப் பிரிவோடு சண்டை வரும், வர வேண்டும். "உரிப்புக்காரருக்குக் கூலி, 2 மணி நேரம்" என்ற வவுச்சரைப் பார்த்து எங்கள் கணக்கர், "நம்ம ஆளே இல்லாதவருக்கு எந்தத் தலைப்புல எழுத?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெல்ட் மூடி வளைந்ததற்கு ஒரு வருஷம் இலவச சர்வீஸ் போன செலவை அவர் நோட்டிலிருந்தே கூட்டிக் காட்டினோம். அடுத்த மாதம் 'களப் பார்வை' என்று தனித் தலைப்பு திறந்துவிட்டார். இப்போது அவரே வருகிறார், ஆனால் செருப்பில் சேறு படுவது பிடிக்காது.

கடினமானவர்கள் சேல்ஸ் பிரிவுதான். வாடிக்கையாளரை எங்களுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியும், ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது வாங்குகிற நேரத்து முகம். அதை வாயால் சொல்லிப் புண்படுத்தாமல், கூட அழைத்துப் போய் எழுதுகிற வேலையைக் கொடுங்கள். "கேக்க மாட்டாங்க" என்று சொன்ன தம்பிதான் இன்றைக்கு எங்களில் அதிகம் சீட்டு எழுதுகிறவன்.

தனியாக ஒரு டிசைன் துறை அமைத்து அதற்கு ஒரு தலைவரைப் போடுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெரிய கம்பெனிக்கு வேண்டியிருக்கலாம். எங்கள் அளவில் அது தோப்புக்குப் போகாமலிருக்க மற்றவர்களுக்கு ஒரு சாக்கு.

எதை எண்ணுவது

நாங்கள் ஒன்றைத்தான் எண்ணுகிறோம். சொல்லாமல் போய் நிற்கும்போது மூடி மாட்டியிருக்கிறதா? திருப்திக்கு மதிப்பெண் கேட்டால் மனிதர்கள் மரியாதைக்கு நல்லபடியாகச் சொல்லிவிடுவார்கள். மூடிக்கு மரியாதை தெரியாது. உங்கள் பொருளில் மூடி எது என்று கண்டுபிடியுங்கள். ஆப் என்றால், ஆட்கள் அதை மூடிவிட்டு நோட்டிலும் வாட்ஸப்பிலும் எழுதி வைப்பது எது என்று பாருங்கள்.

போன மாதம் மீனாட்சிபுரம் பக்கம் எட்டு மெஷின் பார்த்தோம். ஏழில் மூடி இருந்தது. எட்டாவதில் இல்லை. ஃபோர்மேனின் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். அந்த உரிப்புக்காரர் இடது கைக்காரர். கிண்ணத்தின் கைப்பிடியை நாங்கள் வலப்பக்கம் மட்டும் வைத்திருந்தோம்.

"ஒரு வார்த்த போன்ல சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"கழட்டறதுக்கு நாலு போல்ட்டுத்தானுங்க" என்றார் அவர்.

அடுத்த புதன் அவர் பட்டறைக்கு வருகிறார். ஃபிரிட்ஜ் அட்டை ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.